கிரெடிட்னா வரவா, கடனா?

சம்பளத் தேதி காலையில "அக்கவுண்ட் கிரெடிட்டட்"னு ஒரு எஸ்எம்எஸ் வரும். மத்தியானமே "ப்ரீ அப்ரூவ்டு கிரெடிட் லிமிட்"னு இன்னொண்ணு வரும். ரெண்டுலயும் ஒரே வார்த்தைதான். ஆனா முதல்ல வந்தது உங்க பணம். ரெண்டாவது உங்க பணம் இல்லை.

இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேன்னு நானும் நினைச்சேன். போன மாசம் ரிட்டர்ன் ஃபைல் பண்ண ஒரு தம்பி வந்தார். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம். "எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவு வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டேன். "ரெண்டு லட்சம் இருக்கு சார்"னு ஆப்பைத் திறந்து காட்டினார். அது கார்டோட "அவைலபிள் கிரெடிட்". அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஸ்கிரீன்ல அது பேலன்ஸ் மாதிரியேதான் தெரியுது.

காமர்ஸ் படிச்சவங்களே முதல் வாரம் திணறுற இடம் இது. பேங்க் ஸ்டேட்மென்ட்ங்கிறது உங்க நோட்டு இல்லை, பேங்கோட நோட்டு. நீங்க போட்ட பணத்தை அவங்க உங்களுக்குத் திருப்பித் தரணும், அதனால அவங்க கணக்குல அது கிரெடிட். கார்டு பில்லுலயும் தொகை பக்கத்துல "சிஆர்"னு இருந்தா அவங்க உங்களுக்குத் தரணும்னு அர்த்தம். அப்போ கிரெடிட் கார்டுல நீங்க செலவு பண்ணினா என்ன விழும்? டெபிட்! பேரு ஒண்ணு, பதிவு ஒண்ணு.

வருமான வரியில டிடிஎஸ் கிரெடிட்னு ஒண்ணு இருக்கு. அது நிஜமாவே உங்க பணம். சரிபார்த்து மறக்காம எடுத்துக்கோங்க. கிரெடிட் ஸ்கோர் வேற கதை. நீங்க எவ்வளவு சேர்த்தீங்கன்னு அது பார்க்காது, வாங்கின கடனை எப்படிக் கட்டினீங்கன்னுதான் பார்க்கும். அஞ்சு லட்சம் எஃப்டி வச்சிருந்தும் கடனே வாங்காதவருக்கு ஸ்கோரே இல்லாம இருக்கலாம்.

தமிழ்ல இந்தக் குழப்பம் கிடையாது. வரவுன்னா வரவு, கடன்னா கடன். மளிகைக் கடையில "இன்று ரொக்கம், நாளை கடன்"னு போர்டு வச்சாங்களே, அதைப் படிச்சு யாரும் ஏமாறல. கடன்னு சொல்லும்போது மனசுல ஒரு சின்ன உறுத்தல் வருது பாருங்க, அது நமக்கு வேணும். கிரெடிட்ங்கிற வார்த்தை அந்த உறுத்தலைத் துடைச்சிடுதுங்கிறதுதான் என் புகார்.

கணக்கைப் பாருங்க. 40,000 ரூபாய் பில். "மினிமம் டியூ" 5 சதவீதம்னு 2,000 கட்டுறீங்க. மீதி 38,000. மாச வட்டி 3.5 சதவீதம்னா 1,330 ரூபாய். அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, இன்னொரு 239. நீங்க கட்டின 2,000ல கடன் குறைஞ்சது வெறும் 431 ரூபாய். இதுவே குறைச்சலான கணக்கு. முழுசா கட்டலைன்னா வாங்கின தேதியிலிருந்தே வட்டி ஓடும், புதுசா வாங்குற பொருளுக்கும் வட்டியில்லா நாட்கள் போயிடும்.

வருஷத்துக்கு இது 42 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல வாங்குறது நியாயமில்லாத வணிகமுறைன்னு 2008ல தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னதை, 2024 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. ஆனா உங்க சம்மதம் இல்லாம லிமிட்டை ஏத்தக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கியோட விதிகள் சொல்லுது. அதனாலதான் "வாழ்த்துகள்"னு எஸ்எம்எஸ் அனுப்பி உங்க சம்மதத்தைக் கேக்குறாங்க. அடுத்த தடவை அதைத் தமிழ்ல படிச்சுப் பாருங்க: "வாழ்த்துகள்! நீங்கள் இனி மூன்று லட்சம் வரை கடன்படலாம்."

அந்தத் தம்பி கார்டை வெட்டிப் போடல, முழு பில்லும் கட்டுறவர், தேவையும் இல்லை. மாசம் 5,000க்கு ஒரு ஆர்டி ஆரம்பிச்சிருக்கார். எமர்ஜென்சி ஃபண்ட் இப்போதைக்கு 5,000 ரூபாய்தான்.