முத்து முத்தான கையெழுத்து

பெண்பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திறந்ததும் பள்ளிகளில் கேட்கும் முதல் பாராட்டு, "கையெழுத்து முத்து முத்தா இருக்கு!" உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியையான எனக்கு இந்தப் பாராட்டின் மேல் தீராத கோபம். அவள் என்ன சொன்னாள் என்பதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. வாசலில் போட்ட கோலத்தைப் பாராட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை, நடுவில் கைடிலிருந்து இரண்டு மேற்கோள். நம் வகுப்பறையில் கட்டுரை என்றால் இதுதான். பெண்கல்வி பற்றிய கட்டுரையைக்கூட மாணவி மனப்பாடம் செய்தே எழுதுகிறாள். 'அம்மா' என்று தலைப்புக் கொடுத்தால் நாற்பது பேரும் ஒரே தியாகத் திருவுருவத்தை எழுதி நீட்டுகிறார்கள். அடக்கத்துக்குத்தான் நாம் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

1855இல் புனேயில், புலே தம்பதியர் நடத்திய பள்ளியில் படித்த முக்தாபாய் என்ற மாங் சாதிச் சிறுமி ஒரு கட்டுரை எழுதினாள். வயது 14. வேதம் எங்களுக்கு இல்லையென்றால் எங்கள் மதம்தான் எது என்று கேட்டாள். தலைக்கு மேல் கூரையில்லாமல் பிள்ளை பெறும் தன் சமூகத்துப் பெண்களைப் பற்றி எழுதினாள். 'ஞானோதயா' இதழ் அதை வெளியிட்டது. அதுவும் ஒரு பள்ளி மாணவியின் கட்டுரைதான்.

நான் தலைப்புக் கொடுப்பதில்லை, கேள்வி கொடுக்கிறேன். உங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுவது யார்? அப்போது சட்டியில் என்ன மிச்சமிருக்கும்? முதல் படியைப் பேச்சுத்தமிழில் எழுதலாம். அதில் என் சிவப்பு மை படாது. இரண்டாம் படிக்கு முன் பக்கத்தில் இருப்பவள் படித்து, புரியாத இடத்தில் கேள்வி கேட்பாள். ஒற்றுப்பிழையும் சந்திப்பிழையும் மூன்றாம் படிக்குத்தான். நோட்டு வகுப்பு அலமாரியிலேயே இருக்கும். அண்ணன் எடுத்துப் படிப்பான் என்ற பயத்தோடு எந்தப் பெண்ணாலும் உண்மையை எழுத முடியாது. எதை எழுதாமல் விடுவது என்பதும் அவள் உரிமை.

ஒரு மாணவி எழுதியதை அவள் சம்மதத்தோடு தருகிறேன்: "கடேசியா சாப்பிடுறது அம்மா. அன்னைக்கு சட்டியில ஒண்ணும் இல்ல. பசிக்கலன்னு சொன்னாங்க. அது பொய்."

கையெழுத்து கோணல்தான். தியாகம் என்ற சொல்லே அதில் இல்லை.

"பொதுத்தேர்வுக்கு இது உதவுமா?" என்று கேட்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பெண்ணுக்கு மதிப்பெண்தான் கல்லூரி வாசல். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மனப்பாடம் செய்தவள் தலைப்பு மாறினால் திகைத்து நிற்பாள். சொந்தமாக எழுதப் பழகியவளுக்கு எந்தத் தலைப்பும் புதிதல்ல. தேர்வைக் காட்டி அவள் வாயை அடைப்பதை நிறுத்துவோம்.

ஆசிரியைகளே, இனி மாணவியின் நோட்டை வாங்கினால் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். அவள் சொன்ன விஷயத்துக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள்.