மாணவர் தலைவர் தேர்தல்: முடிவு செய்வது மாணவர்களா, பெரியவர்களா?

ஜூன் மாதம் பள்ளிகள் திறந்து சில வாரங்களில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரப் பள்ளிகள் பலவற்றில் எஸ்.பி.எல். எனப்படும் மாணவர் தலைவர் தேர்தல் களைகட்டும். வேட்பாளர் உரை, ரகசிய வாக்கு, சில இடங்களில் விரலில் மை என எல்லாம் பெரிய தேர்தலைப் போலவே நடக்கும். பிறகு பதவியேற்பு விழாவில் சிறப்பு விருந்தினர் பேட்ஜ் குத்துவார். அந்த பேட்ஜ் யாருக்கு என்பதை முடிவு செய்தது உண்மையில் யார் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெரியவர்களின் தலையீடு மூன்று கட்டங்களில் நுழையலாம். முதலாவது வேட்புமனு. யார் நிற்கலாம் என்பதை விதி எதையும் அறிவிக்காமல் ஆசிரியர்களே வடிகட்டிவிடுவது. இரண்டாவது பிரச்சாரம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஆதரவு திரட்டுவதும், சாக்லேட் வாங்கிக் கொடுத்து அனுப்புவதும், நிர்வாகத்திடம் சிபாரிசு பிடிப்பதும் இதில் அடங்கும். மூன்றாவது எண்ணிக்கை. யாருக்கு எத்தனை வாக்கு என்று சொல்லாமல் வெற்றி பெற்றவரின் பெயரை மட்டும் அறிவிப்பது.

பிள்ளைகள் விவரம் தெரியாமல் வாக்களிப்பார்கள், ஆகவே நாங்கள் வழிநடத்துகிறோம் என்று பள்ளிகள் சொல்லக்கூடும். இதில் நியாயம் இல்லாமல் இல்லை. அப்படியானால் தகுதியை முன்கூட்டியே எழுதி அறிவிக்கட்டும். அல்லது ஆசிரியர்களே நியமிக்கட்டும். அதை நியமனம் என்றே சொல்லட்டும். வெளிப்படையான நியமனத்தில் பொய் இல்லை. முடிவை முன்பே எடுத்துவிட்டு வாக்குப்பெட்டி வைப்பதில்தான் பொய் இருக்கிறது. வாக்குக்கு மதிப்பில்லை என்ற பாடத்தை 18 வயதுக்கு முன்பே கற்றுக்கொடுத்து விடுகிறோம்.

கல்லூரித் தேர்தல்களுக்கு நம் நாட்டில் விதிகள் உண்டு. கேரளப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்த 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வேட்பாளரின் செலவு வரம்பு 5,000 ரூபாய். அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை. மாணவர் அல்லாதவர்கள் எந்த வகையிலும் பங்கேற்கக் கூடாது. புகார்களை விசாரிக்கத் தனிக் குழு வேண்டும். இவை பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இளைஞர்களுக்கே வெளியார் தலையீட்டிலிருந்து பாதுகாப்பு தேவை என்றால், 14 வயதுப் பிள்ளைக்கு அது இன்னும் அதிகமாகத் தேவை அல்லவா? தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்கு வழங்கும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை 1992-லேயே இந்தியா ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மார்க்கம் இதில் நமக்குத் தெளிவான வழியைக் காட்டுகிறது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவருடைய தந்தை ஓர் அன்பளிப்பைக் கொடுத்துவிட்டு, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதேபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். சொந்தப் பிள்ளைகளுக்கிடையிலேயே பாரபட்சம் கூடாது என்றால், நம்பி ஒப்படைக்கப்பட்ட ஊரார் பிள்ளைகள் விஷயத்தில் பள்ளிக்கு எவ்வளவு பொறுப்பு இருக்க வேண்டும்! இருபது வயதைத் தாண்டாத உஸாமா (ரலி) அவர்களைப் படைத் தளபதியாக்கியபோது சிலர் குறை பேசினார்கள். நபியவர்கள் அவருடைய தகுதியைச் சொல்லி அந்த முடிவில் உறுதியாக நின்றார்கள். இளையவர்களை நம்புவதும் சுன்னத்துதான்.

நம் சமுதாயத்துக்கு இதில் தனி அக்கறை இருக்கிறது. இந்தப் பள்ளிகளின் பல வகுப்புகளில் நம் பிள்ளைகள் ஓரிருவர்தான் இருப்பார்கள். விதி தெரிந்து தோற்றால் பிள்ளை இரண்டு நாள் வருந்திவிட்டு மறந்துவிடும். விதியே தெரியாமல் தோற்றால், நம் பெயர்தான் காரணமோ என்ற சந்தேகம் மனதில் தங்கிவிடும். அந்தச் சந்தேகம் தவறாகவே இருக்கலாம். ஆனால் அதைப் போக்கக் காட்டுவதற்குப் பள்ளியிடம் எதுவும் இருக்காது.

அதே நேரம், நாம் நடத்தும் பள்ளிகளிலும் மதரஸாக்களிலும் நிர்வாகியின் பிள்ளைக்கும் நன்கொடையாளரின் பிள்ளைக்கும் பேட்ஜ் எளிதாகக் கிடைக்கிறதா என்று நாம் முதலில் பார்க்க வேண்டும். தவறான பரிந்துரை செய்பவருக்கு அதன் பாவத்தில் பங்குண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 85-வது வசனம் எச்சரிக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் நாம் கேட்க வேண்டியவை எளியவை. தகுதி விதியை எழுத்தில் அறிவியுங்கள். நிராகரித்தால் காரணம் சொல்லுங்கள். வேட்பாளர்களின் முன்னிலையில் வாக்குகளை எண்ணுங்கள். எண்ணிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெற்றோரைப் பிரச்சாரத்தில் விடாதீர்கள். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

வீட்டில் நம் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. பதவி கேட்ட அபூதர் (ரலி) அவர்களுக்கு, அது ஓர் அமானிதம் என்றும், அதன் கடமையை நிறைவேற்றாதவருக்கு மறுமையில் இழிவாகிவிடும் என்றும் நபியவர்கள் உணர்த்தினார்கள். பேட்ஜ் கிடைத்தால் அந்தப் பொறுப்பைச் சொல்லிக் கொடுப்போம். கிடைக்காவிட்டால், வென்ற தோழனுக்கு முதலில் கை கொடுக்கச் சொல்வோம். நீதியாக நடக்கும் தலைமுறையை அல்லாஹ் நமக்குத் தருவானாக!