நீர் குறைந்த காலத்தில் ஆடுகளும் உயிர்ச்சத்து மருந்தும்

திருகோணமலைப் பகுதியில் வடகீழ்ப் பருவமழை தை மாதத்தோடு ஓய்ந்தபின், வைகாசி முதற் புரட்டாதி வரை சோளகக் காற்றே நிலத்தை உலர்த்துகின்றது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்தில் வாய்க்காலாவது உண்டு. நிலாவெளி, குச்சவெளி போன்ற கரையோரங்களிலோ கிணறு வற்றுவதுடன் நீரில் உவர்ப்பும் ஏறுகின்றது. வெங்காயப் பாத்திக்கு இறைத்து எஞ்சியதே ஆட்டுக்குக் கிடைக்கும். அக்காலத்தில் ஆடுகள் மெலியக் கண்டு, உயிர்ச்சத்து மருந்துப் போத்தலை வாங்கி ஊட்டுவார் உளர். இது முதலிற் செய்யவேண்டியதைக் கடைசிக்குத் தள்ளும் செயலாகும்.

நீர் குறைந்தால் ஆடு தீனியையும் குறைத்துக்கொள்ளும். மெலிவுக்குக் காரணம் பெரும்பாலும் அதுவே. 30 கிலோ எடையுள்ள ஆட்டுக்குக் கோடையில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 முதல் 5 லீற்றர் நீர் வேண்டும். பால் கொடுக்கும் ஆட்டுக்கு இன்னும் மிகுதி. இக்குறையை எம்மருந்தும் ஈடுசெய்யாது.

விற்றமின் ‘பி’ வகைகளை ஆட்டின் முதலிரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்குகின்றன, ‘சி’யை அதன் ஈரலே ஆக்குகின்றது, ‘டி’ வெயிலாற் கிடைக்கின்றது. தீனியிலிருந்து வரவேண்டியவை சிறப்பாக ‘ஏ’யும் ‘ஈ’யுமே. வெப்பத்தாலும் நீர்க்குறையாலும் வருந்தும் ஆடுகளுக்கு விற்றமின் ‘சி’ கொடுத்து ஓரளவு பயன் கண்ட ஆராய்ச்சிகள் உள. ஆயினும் வாய்வழி கொடுப்பதிற் பெரும்பகுதி முதலிரைப்பையிலேயே அழிந்துவிடும் என்பதைக் கடைக்காரர் கூறுவதில்லை. மாலை இருளில் ஆடு தடுமாறினால் ‘ஏ’ குறைந்ததென ஐயுறலாம். அப்போது மருந்து தேவையே. எனினும் அளவு மீறிய ‘ஏ’ ஈரலிற் தங்கித் தீங்கு செய்யுமாதலால், மிருக வைத்தியர் சொல்லும் அளவே கொடுத்தல் வேண்டும்.

வெயிலிற் காய்ந்து வெளிறிய வைக்கோலில் ‘ஏ’க்கு மூலமான சத்து மிக அரிது, நூற்றுக்குப் பத்துப் பங்களவே நீரும் உண்டு. முருங்கை, அகத்தி, பூவரசு, கிளிசரியா ஆகியவற்றின் பச்சைக் குழையிலோ அச்சத்தும் உண்டு, பாதிக்கு மேல் நீரும் உண்டு. வேலியிலே இரண்டையும் வைத்துக்கொண்டு கடைக்குப் பணங்கொடுப்பது வீண் செலவன்றோ?

நெற்செய்கையாளர் சிறப்பாகக் கவனிக்கவேண்டியது தவிடு. தவிட்டிற் பொசுபரசு மிகுதி. நீர் போதாத கடாக்களுக்கும் நலமடித்த ஆடுகளுக்கும் அதனை மிகுதியாக வைத்தால் சிறுநீர்வழியிற் கல் உண்டாகி அடைத்துக்கொள்ளும். முக்கி முக்கி நின்றும் சிறுநீர் சொட்டுச் சொட்டாக வருவதே முதற்குறி. அன்றே வைத்தியரை அழையாவிடின் பெரும்பாலும் ஆடு தப்பாது. நீர் குறைந்த நாட்களில் தவிட்டைக் குறைத்துக் குழையைக் கூட்டுதலே தக்கது.

நீரை நிழலில், காலை மாலை இருவேளையும் புதிதாக வைத்தல் வேண்டும். உவர் நீரேயாயின் நல்ல நீர் கலந்து வைக்கலாம். பூச்சிநாசினி கரைத்த வாளியை எத்துணை கழுவினும் ஆட்டுக்கு நீர் வைக்க எடுத்தலாகாது.