நிலமும் நீரும் கணக்கில் ஏற வேண்டும்: என்.எல்.சி. வளர்ச்சித் திட்டங்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் நடத்தும் ஒன்றிய அரசு நிறுவனமான என்.எல்.சி. இந்தியாவுக்கு 2024-25 நிதியாண்டு நல்ல ஆண்டு. துணை நிறுவனங்களையும் சேர்த்துப் பார்த்தால் வருவாய் ஏறத்தாழ 15,280 கோடி ரூபாய்; நிகர இலாபம் 2,700 கோடிக்கு மேல். முந்தைய ஆண்டில் இலாபம் 1,900 கோடியை எட்டவில்லை. ஒடிசாவின் தலாபிரா சுரங்கத்தில் நிலக்கரி உற்பத்தி 1.7 கோடி டன்னை ஒட்டி வந்தது. உத்தரப் பிரதேசத்தின் காட்டம்பூரில் 660 மெகாவாட் திறனுள்ள முதல் அலகு 2024 டிசம்பரில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது.

சிறு பங்குதாரர்களும் உழவர்களும் ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் சேர்ந்த எங்கள் மன்றம் இந்த வளர்ச்சியை மனமார வரவேற்கிறது. நெய்வேலி நலிய வேண்டும் என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. அந்த அக்கறையோடுதான் இந்த நிலைப்பாட்டை வெளியிடுகிறோம். நெய்வேலிச் சுரங்கங்களுக்காக இதுவரை எடுத்த நிலம், இறைத்து வெளியேற்றும் நீர், மீட்டுத் தரவேண்டிய மண் ஆகியவற்றின் கணக்கை ஊர்வாரியாக வெளியிட்டு, நிலுவைகளைத் தீர்த்த பிறகே நிறுவனம் புதிய நிலத்தைக் கையகப்படுத்த வேண்டும். நீதிக்காக இதைக் கேட்கிறோம். நிறுவனத்தின் வருங்கால வருவாயும் இதைச் சார்ந்தே இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி ஐம்பது முதல் நூறு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. ஒரு டன் நிலக்கரி எடுக்க ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். ராட்சத வெட்டும் இயந்திரங்கள் முன்னால் மண்ணை அரித்துக்கொண்டே போக, அந்த மண் கன்வேயர் பெல்ட்டுகளில் பின்னால் போய், நிலக்கரி எடுத்து முடித்த பள்ளத்தில் கொட்டப்படுகிறது. சுரங்கம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. முன்னால் நிலம் இல்லையென்றால் முதலில் மண் வெட்டும் வேலை நிற்கும்; சில மாதங்களில் நிலக்கரி வரத்து குறையும்; பிறகு கொதிகலன் தணியும்.

மற்ற அனல்மின் நிலையங்களுக்கு இப்படி ஒரு நெருக்கடி வந்தால் கப்பலிலோ ரயிலிலோ நிலக்கரி வரவழைக்கலாம். நிறுவனத்தின் துணை நிறுவனம் தூத்துக்குடியில் நடத்தும் 1,000 மெகாவாட் நிலையம் அப்படித்தான் இயங்குகிறது. நெய்வேலிக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறத்தாழ பாதி ஈரம். அதன் எரிதிறன் குறைவு என்பதால் தொலைவிலிருந்து கொண்டுவருவது கட்டுப்படியாகாது. கொதிகலன்களும் அந்தப் பழுப்பு நிலக்கரிக்கென்றே வடிவமைக்கப்பட்டவை. முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்ட பின்னும் நெய்வேலியில் 3,390 மெகாவாட் திறன் இருக்கிறது. அத்தனையும் சுற்றியுள்ள சில ஊர்களின் வயல்களை நம்பி நிற்கிறது.

2023 ஜூலையில் இந்த இடர் வெளிப்படையாகவே வெடித்தது. இரண்டாம் சுரங்கத்தின் விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயில் ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர் வேலை மிச்சமிருந்தது. அதை முடிக்க, வளையமாதேவியில் கதிர்விடும் பருவத்தில் நின்ற நெற்பயிருக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுக்கப்பட்டது, பயிரிட வேண்டாம் என்று முன்னரே சொல்லியிருந்தோம் என்றது நிறுவனம். காகிதத்தில் அது சரியாகவே இருக்கலாம். ஆனால் எடுத்த நிலத்தைப் பத்தாண்டுக்கு மேல் உழவரிடமே விட்டுவைத்து, அவர் விதைத்து வளர்த்த பயிரைக் காவல்துறைப் பாதுகாப்போடு அழித்ததை எந்த ஆவணமும் நியாயப்படுத்தாது. அடுத்த சில நாட்களில் நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. அடுத்த சில நாட்களில் நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. அறுவடைக்குச் சில வாரங்கள் பொறுத்திருந்தால் இவை எதுவும் நடந்திருக்காது. பொறுக்க முடியாத நிலைக்குச் சுரங்கத்தைக் கொண்டுவந்தது பல ஆண்டுகளாகத் தேங்கிக் கிடந்த நிலப் பிரச்சினை. அந்தத் தேக்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் பொறுப்பில்லை.

இதைப் பங்குதாரர் கண்ணோடும் பார்க்க வேண்டும். என்.எல்.சி. விற்கும் மின்சாரத்தின் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. 2024 முதல் 2029 வரையிலான விதிகளில் அனல்மின் நிலையங்களின் பங்கு மூலதனத்துக்கு 15.5 விழுக்காடு வருவாய் அனுமதிக்கப்பட்டுள்ளது. கேட்பதற்கு இது உறுதியான வருமானம் போலத் தோன்றும். ஆனால் ஆணையம் நிர்ணயித்த அளவுக்கு நிலையம் மின்சாரம் தரத் தயார் நிலையில் இருந்தால்தான் நிலைக்கட்டணம் முழுமையாகக் கிடைக்கும். நிலக்கரி இல்லாமல் அலகு நின்றால் அந்தத் தொகை வெட்டுப்படும். கட்டி முடித்த நிலையத்தின் கடனும் வட்டியும் நிற்காது. ஆகவே ஒரு கிராமத்தோடு முறிந்த பேச்சுவார்த்தை கடைசியில் நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கில்தான் வந்து விழுகிறது. நிலம் கிடைப்பதில் தாமதம் என்று பொதுவாக ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்துபோக இது சிறிய விஷயமல்ல. எந்த ஊரில் எத்தனை ஏக்கருக்கு உத்தரவு வந்தும் பணம் முழுதாகப் போய்ச் சேரவில்லை, எத்தனை குடும்பங்களுக்கு மாற்றுமனை நிலுவை, எத்தனை பேருக்குச் சொன்ன வேலை தரப்படவில்லை என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடுத்த ஐந்து ஆண்டில் சுரங்கம் நகரப்போகும் பாதையின் வரைபடமும் ஊர் மக்களின் கையில் இருக்க வேண்டும். எந்த ஆண்டு எந்த வயலில் விதைக்கலாம், எதில் கூடாது என்பது உழவருக்கு ஐந்து ஆண்டு முன்பே தெரிந்தால் இன்னொரு வளையமாதேவி நேராது.

மண்ணைப் பற்றி ஒரு கணக்கு சொல்ல வேண்டும். அண்மை ஆண்டுகளில் நிறுவனம் விளைநிலத்துக்கு ஏக்கருக்கு 25 லட்சம் ரூபாய் வரை அறிவித்திருக்கிறது. சுரங்கம் மூடும்போது நிலத்தைச் சீராக்க, நிலக்கரி அமைச்சகத்தின் 2020 வழிகாட்டுதல்படி திறந்தவெளிச் சுரங்கங்கள் ஹெக்டேருக்கு 9 லட்சம் ரூபாய் அடிப்படையில் தனிக் கணக்கில் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. விலைவாசிக் குறியீட்டோடு அது உயரும். ஏக்கர் கணக்கில் அடிப்படைத் தொகை மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். வாங்க 25 லட்சம் பெறும் நிலத்தை நூறு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிப் புரட்டிப் போட்ட பிறகு, மூன்றரை லட்சத்தில் மறுபடியும் விளைநிலமாக்க முடியும் என்று நாங்கள் நம்பவில்லை. நெய்வேலியில் மீட்ட நிலத்தில் மரங்கள் வளர்ந்திருப்பதை நாங்கள் மறுக்கவில்லை. அது நல்ல வேலை. ஆனால் நெல்லும் கரும்பும் முந்திரியும் விளைந்த மண் எத்தனை ஏக்கர் மீண்டும் சாகுபடிக்குத் தயாரானது, அதில் எத்தனை ஏக்கர் உழவர் கையில் போய்ச் சேர்ந்தது என்பதே எங்கள் கேள்வி. அந்த எண் அறிக்கையில் தனியாக இடம்பெற வேண்டும்.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்படுத்துவது நீர். நெய்வேலி நிலக்கரியின் கதையே நீரில்தான் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கரிய பொருள் வெளிவந்ததே பின்னாளில் சுரங்கத்துக்கு வித்திட்டது. நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் தேங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் அந்தப் பகுதியில் துளை போட்டால் மோட்டார் இல்லாமலே நீர் பொங்கி வழிந்தது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் மேல்மண்ணை அகற்றினால் சுரங்கத்தின் தரையே வெடித்து நீர் உள்ளே புகுந்துவிடும். ஆகவே சுரங்க வேலையின் தொடக்கக் காலம் முதல் இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். பொறியியல் நோக்கில் அது பெரும் சாதனை; அந்தச் சாதனையில் பங்கெடுத்த தொழிலாளர்கள் எங்கள் உறுப்பினர்களிலும் உண்டு. ஆனால் அறுபது ஆண்டுக்கு மேலாக இறைக்கும் நீரால் சுற்று வட்டாரக் கிணறுகளின் மட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கடலூர்க் கடற்கரையை ஒட்டி உப்புநீர் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்ற கேள்விகளுக்கு ஊர் மக்கள் படித்துப் பார்க்கும் வடிவில் பதில் கிடைப்பதில்லை.

இறைத்த நீர் வீணாகவில்லை, வாலாஜா ஏரிக்குப் போகிறது, பாசனத்துக்கும் குடிநீருக்கும் உதவுகிறது என்று நிறுவனம் சொல்லலாம். உண்மைதான்; அந்த நீரால் விளையும் வயல்கள் இருக்கின்றன. அதனாலேயே நீரின் தரத்தைச் சொல்ல வேண்டிய கடமை கூடுகிறது. நெய்வேலியைச் சுற்றியுள்ள நீரிலும் மண்ணிலும் மாசு இருப்பதாகப் பூவுலகின் நண்பர்கள் உள்ளிட்ட அமைப்புகள் 2023-இல் ஆய்வறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் நீர்ப் பயன்பாட்டை ஆண்டறிக்கையோடு வெளியிட்டாக வேண்டும். ஆனால் அந்தப் படிவம் கேட்பது மொத்த அளவை. ராஜஸ்தானிலிருந்து தமிழ்நாடு வரை பரந்த ஒரு நிறுவனத்தின் மொத்த நீர்க் கணக்கால் கத்தாழையிலோ கரிவெட்டியிலோ கிணறு வைத்திருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. சுரங்கம் வாரியாக மாதந்தோறும் எவ்வளவு இறைக்கிறார்கள், கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் எவ்வளவு, வெளியேறும் நீரில் பாதரசமும் ஃபுளோரைடும் எவ்வளவு என்பதைத் தமிழில் வெளியிட வேண்டும். பரிசோதனையை நிறுவனத்தைச் சாராத அரசு ஆய்வகமோ பல்கலைக்கழகமோ செய்ய வேண்டும்.

வளர்ச்சித் திட்டங்களுக்கு வருகிறோம். 2030-க்குள் புதுப்பிக்கத்தக்க மின்திறனை 10,000 மெகாவாட்டுக்கு மேல் உயர்த்துவதும், சுரங்க உற்பத்தித் திறனை ஆண்டுக்கு 10 கோடி டன்னைத் தாண்டிக் கொண்டுபோவதும் நிறுவனத்தின் இலக்கு. ஒன்றிய அமைச்சரவை 2025 ஜூலையில் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான துணை நிறுவனத்தில் 7,000 கோடி ரூபாய் முதலிட வழிவிட்டது. அந்த முதலீட்டை முழுமனதோடு ஆதரிக்கிறோம். ஆனால் முதல் இலக்கு நிலக்கரியை விட்டு விலகும் பாதை, இரண்டாவது அதற்குள் மேலும் ஆழமாக இறங்கும் பாதை. தலாபிராவில் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் வனநிலம் சுரங்கத்துக்கு மாற்றப்பட்டது. 2019-இல் அங்கே மரங்களை வெட்டியபோது ஊர் மக்கள் தடுத்து நின்றார்கள். காட்டம்பூர் நிலையத்துக்கென ஜார்க்கண்டில் ஒதுக்கப்பட்ட பச்வாரா தெற்குச் சுரங்கம் பழங்குடி மக்கள் வாழும் பகுதியில் இருக்கிறது. நெய்வேலியில் கற்றுக்கொள்ளாத பாடத்தை அந்த மக்களின் தலையில் கட்டக் கூடாது. காவிரிப் படுகையில் சேத்தியாத்தோப்பு கிழக்கு, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய நிலக்கரி வட்டாரங்களை 2023 ஏப்ரலில் ஏலப் பட்டியலிலிருந்து ஒன்றிய அரசு விலக்கியது. அந்த முடிவு நிலையாக இருக்க வேண்டும். காவிரிப் படுகையின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தின் விளிம்பில் எந்தப் புதிய சுரங்கத்தையும் நாங்கள் ஏற்க மாட்டோம்.

தொழிலாளர் பாதுகாப்பும் வணிக இடர்தான். 2020 மே 7-ஆம் தேதியும் ஜூலை 1-ஆம் தேதியும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் அடுத்தடுத்துக் கொதிகலன் விபத்துகள் நடந்தன. உயிரிழந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பல்லாண்டாக நிரந்தர வேலை கேட்டுப் போராடிவரும் அவர்களின் பெயர் விபத்துப் பட்டியலில் மட்டும் முன்வரிசையில் வருவது எங்களால் தாங்க முடியாதது. நிரந்தரத் தொழிலாளருக்கும் ஒப்பந்தத் தொழிலாளருக்கும் விபத்துக் கணக்கைத் தனித்தனியே வெளியிட வேண்டும். பழைய அலகுகளை எந்த ஆண்டு நிறுத்தப் போகிறார்கள் என்பதையும் இப்போதே அறிவிக்க வேண்டும். சூரிய மின்திட்டங்கள் பெரும்பாலும் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் அமையப்போகின்றன என்றால், நெய்வேலியில் சுரங்கம் சுருங்கும் நாளில் இங்கே என்ன வேலை இருக்கும் என்பதற்கும் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும். பண்ருட்டிக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே ஒரு தலைமுறை முழுவதும் சுரங்க வேலையின் ஊதியத்தில்தான் படித்தது.

சுரங்கத்தை உடனே மூடு என்பவர்களின் வலி எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தக் கோரிக்கையை இன்று நாங்கள் முன்வைக்கவில்லை. தமிழ்நாட்டின் மின் தேவையும் பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்பும் அதில் கலந்திருக்கின்றன. மின்சாரம் வேண்டுமென்றால் சில ஊர்கள் தியாகம் செய்யத்தான் வேண்டும் என்ற வாதத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. அந்த ஊர்கள் மூன்று தலைமுறையாகக் கொடுத்துவிட்டன. இனி கேட்பவர்தான் கணக்கு காட்ட வேண்டும்.

2013-இல் ஒன்றிய அரசு என்.எல்.சி. பங்குகளை விற்க முனைந்தபோது தமிழ்நாட்டு அரசு நிறுவனங்கள் ஐந்து சேர்ந்து ஏறத்தாழ 358 கோடி ரூபாய் கொடுத்து 3.56 விழுக்காடு பங்குகளை வாங்கின. ஒன்றிய அரசிடம் இப்போது 72 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருக்கிறது. வாக்குக் கணக்கில் மாநிலத்தின் பங்கு சிறியது. ஆனால் பொதுக்குழுவில் எழுந்து கேட்கும் உரிமைக்கு ஒரு பங்கே போதும். பங்கு வாங்கிய நாளில் அது தமிழ்நாட்டின் உரிமை என்று சொல்லப்பட்டது. அந்த உரிமையை இப்போது பயன்படுத்துமாறு மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடுத்த ஆண்டுப் பொதுக்குழுவில் எங்கள் உறுப்பினர்கள் பங்குதாரர்களாகக் கலந்துகொண்டு நிலுவை நிலம், சுரங்கவாரி நீர், மீட்ட மண், ஒப்பந்தத் தொழிலாளர் விபத்து ஆகிய நான்கு கணக்குகளையும் கேட்பார்கள். பதில் எழுத்தில் வேண்டும். அது தமிழில் அச்சாகி, சுரங்கத்தை ஒட்டிய ஒவ்வொரு ஊராட்சி அலுவலகத்திலும் கிராம சபை கூடும் முன்பே வைக்கப்பட வேண்டும். அதுவரை நெய்வேலியில் புதிய நில எடுப்பு அறிவிப்பு எதையும் வெளியிட வேண்டாம் என்று நிறுவனத்தையும், அதற்கு ஒப்புதல் தர வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.