ஜோடி வாங்கும் முன் குஞ்சுகளை எண்ணுவோம்!



நம் பள்ளியில் இப்போது எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சு. ‘பியர்டட் டிராகன்’ என்ற பல்லியைப் பற்றித்தான். போனில் வீடியோ பார்த்துவிட்டு, “லேய் மக்கா, ஒரு ஜோடி வாங்கிப் போட்டா போதும். முட்டை போடும், பொரிக்கும், குஞ்சு ஒண்ணொண்ணா வித்துக் காசாக்கலாம்” என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அதற்காக உண்டியலில் பணம் சேர்க்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். உழைத்துச் சம்பாதிக்க நினைப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கில் முக்கியமான ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது என்பது என் கருத்து. அந்த வரியை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்தத் தாடிக்காரர்?

இவருடைய சொந்த ஊர் ஆஸ்திரேலியா. அதுவும் கடற்கரைப் பக்கம் அல்ல, நடுநாட்டின் வறண்ட பொட்டல் காடு. கோபம் வந்தால் தொண்டைத் தோலை உப்பவைத்துக் கறுப்பாக்கிக்கொள்வார். முள் முள்ளாக இருக்கும் அதுதான் ‘தாடி’. வாலோடு சேர்த்து ஒன்றரை அடி முதல் இரண்டு அடி நீளம் வளர்வார். நன்றாகக் கவனித்தால் பத்து ஆண்டு உயிரோடு இருப்பார். அதாவது இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒருவர் வாங்கினால், கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் அந்தப் பல்லி வீட்டில் இருக்கும். அப்போது அதற்கு யார் தீனி போடுவது? பெரும்பாலும் அம்மாதான்!

இன்னொரு செய்தி. இவர் ‘அகாமிடே’ என்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். நம் வேலியில் தலையாட்டிக்கொண்டு நிற்கும் ஓணானும் (நம்ம ஊர்ல ஓந்தான்) அதே குடும்பம்தான். தலையாட்டுவது, வெயில் காய்வது எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

வீடு என்றால் எப்படிப்பட்ட வீடு?

வளர்ந்த ஒரு பல்லிக்கு நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் ஒரு பெட்டி வேண்டும். அதில் ஒரு பக்கம் 38 முதல் 42 டிகிரி வரை சூடு, மறுபக்கம் 25 டிகிரி போலக் குளுமை. சூடு வேண்டும்போது இங்கே, போதும் என்றால் அங்கே என்று அது நகர்ந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நம்மைப்போல் உடம்புக்குள் சூட்டை உண்டாக்க அதற்குத் தெரியாது.

சூடு மட்டும் போதாது. யு.வி.பி. கதிர் தரும் தனி விளக்கு தினமும் 10 முதல் 12 மணி நேரம் எரிய வேண்டும். அந்தக் கதிர் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி3 உண்டாகும். அது இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். இல்லாவிட்டால் எலும்பு மெலிந்து, தாடை இளகி, கால் வளைந்துபோகும். “ஜன்னல் பக்கத்துல வைச்சா வெயில் படுமே” என்று சிலர் சொல்லலாம். ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும்.

இனி நம் ஊருக்கு வருவோம். பெட்டிக்குள் காற்றின் ஈரம் 30, 40 சதவீதம் அளவில்தான் இருக்க வேண்டும். நம் பேச்சிப்பாறையில் இது நடக்கிற காரியமா? தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே நம்மை நனைக்கும். ரப்பர் ஷீட்டைப் புகைக்கூட்டில் போட்டுக் காயவைக்கிற ஊர் இது. மழைக்காலத்தில் யூனிபார்ம் காயாமல் ஈரத்தோடு போட்டு வந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. இந்த ஈரக் காற்றில் அந்தப் பொட்டல்காட்டுப் பல்லியை வைத்தால் அதற்கு நுரையீரல் நோய் வரும்.

கரண்டையும் கணக்குப் பார்ப்போம். 100 வாட் சூட்டு விளக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு 72 யூனிட். வீடுகளுக்கு அரசு இலவசமாகத் தந்துவந்ததே இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான். ஒரே ஒரு பல்லிக்கு அதில் முக்கால் பங்கு போய்விடும்! காற்றடித்து மரம் லைனில் விழுந்து கரண்டு போனால் அன்றைக்குப் பல்லிக்குச் சூடும் இல்லை, செரிமானமும் இல்லை.

தீனி விஷயத்திலும் கவனம் வேண்டும். குஞ்சுக்குப் பூச்சி அதிகம், பெரியதற்குக் கீரை, காய் அதிகம். பூச்சி அதன் இரு கண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. ராத்திரி நம் தோட்டங்களில் மின்மினி பறக்கும், பிடிப்பதும் எளிது. ஆனால் அமெரிக்காவில் மின்மினி தின்ற இந்தப் பல்லிகள் செத்ததாக 1999-இல் அறிவியல் இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். இதையெல்லாம் வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

ஜோடிக் கணக்கு

இப்போதுதான் விட்டுப்போன வரிக்கு வருகிறேன்.

பெண் பல்லி ஒரு தடவைக்குச் சுமார் 15 முதல் 30 முட்டை வரை இடும். ஒருமுறை ஆணோடு சேர்ந்தாலே போதும், விந்தை உடம்பில் சேமித்து வைத்து அடுத்தடுத்துப் பல தடவை இட முடியும். தடவைக்கு 20 என்று வைத்து, மூன்று தடவை என்றால் 60 முட்டை. அத்தனையும் பொரித்தால் 60 குஞ்சு.

குஞ்சாக இருக்கும்போது சின்ன டப்பா போதும் என்பது உண்மை. ஆனால் அப்போதே ஒன்றின் வாலையும் விரலையும் இன்னொன்று கடித்துவிடும். ஆகவே பிரித்துப் பிரித்து வைக்க வேண்டும். ஓர் ஆண்டுக்குள் பெரிதாகிவிடும். பெரிய ஆண்கள் இரண்டு ஓரிடத்தில் இருந்தால் சண்டைதான். ஆகவே ஒரு பல்லிக்கு ஒரு பெட்டி. ஒரு பெட்டிக்கு 8 சதுர அடி. 60 பெட்டிக்கு 480 சதுர அடி. நம்மில் எத்தனை பேர் வீடு 480 சதுர அடி இருக்கும்? பாதியை விற்றுவிட்டோம் என்றே வைப்போம். மீதி 30 எங்கே போகும்? வாங்கிய 30 பேரிடமும் பெட்டி இருக்கிறதா, விளக்கு இருக்கிறதா என்று யார் பார்த்தது?

தாயின் நிலையையும் நினைத்துப் பாருங்கள். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்பு முழுவதும் அதன் உடம்பிலிருந்துதான் போக வேண்டும். ஒன்றரை வயதாவது ஆகி, உடம்பு தேறிய பிறகுதான் ஆணோடு சேர்க்கலாம் என்கிறார்கள். முட்டையிட ஈர மணல் நிரப்பிய ஆழமான பெட்டி வேண்டும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கித் தாய் செத்துப்போகவும் கூடும். ஆண் இல்லாமல் தனியாக வளரும் பெண்ணும் கருவில்லா முட்டை இடும். ஆகவே ஜோடி இல்லாவிட்டாலும் இந்த மணல் பெட்டி வேண்டும்.

முட்டையை அடைவைக்கும் சூடும் சும்மா அல்ல. 28 முதல் 30 டிகிரிக்குள் இரண்டு மாதம் போல ஒரே சீராக வைக்க வேண்டும். 32 டிகிரியைத் தாண்டினால் ஆணாகப் பிறக்க வேண்டிய கரு பெண்ணாக மாறிப் பொரிக்கும்! இதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2007-இல் கண்டுபிடித்தார்கள்.

இன்னும் ஒன்று. ஒரே கடையில் வாங்கும் ஜோடி அண்ணன் தங்கையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆஸ்திரேலியா தன் நாட்டுப் பல்லிகளை உயிரோடு விற்பனைக்கு வெளியே அனுப்புவதில்லை. ஆகவே வெளியுலகில் இருப்பவை வளர்ப்பில் பெருகியவைதான், புது ரத்தம் சேருவது கடினம். அழகுக்காகச் செதிலே இல்லாத ‘பட்டுத்தோல்’ வகையைக்கூட உண்டாக்கியிருக்கிறார்கள். அதன் தோல் சீக்கிரம் கிழியும், விளக்குச் சூட்டில் எளிதில் புண்ணாகும். பார்க்கிற நமக்குத்தான் அழகு, அதற்கு ஆயுள் முழுக்க வலி.

முதலை சொல்லும் பாடம்

“பெருகினா நல்லதுதானே?” என்று கேட்பவர்களுக்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 1970-களில் தோலுக்காக வேட்டையாடி முதலைகள் அழியும் நிலைக்கு வந்தன. 1976-இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் முதலைப் பண்ணை தொடங்கினார்கள். மிக நல்ல நோக்கம். முதலைகள் நன்றாகவே பெருகின. நூற்றுக்கணக்கில் ஆறுகளுக்கும் அணைகளுக்கும் அனுப்பினார்கள். ஆனால் 1990-களில் காட்டில் விடுவது நின்றுபோனது, விட இடம் இல்லை. பண்ணையில் இட நெருக்கடி வந்தது. ஆண்டுதோறும் முட்டைகளை எடுத்து அழிக்கும் நிலை ஏற்பட்டது. 2022-இல் சுமார் 1,000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்பும் வேலை செய்தியானது. நமக்குப் பக்கத்து நெய்யாறு அணையில் விட்ட முதலைகள் ஆட்களைத் தாக்கியதால் அவற்றைத் திரும்பப் பிடிக்க வேண்டி வந்தது.

உலகம் போற்றும் அறிஞர்கள், பெரிய இடம், அரசின் ஆதரவு எல்லாம் இருந்தும் இந்த நிலை. நம்மிடம் இருப்பது ஓர் உண்டியல்!

“விக்காட்டி டேம் பக்கம் காட்டுல விட்டுடலாம்” என்று ஒருவர் சொன்னதையும் என் காதால் கேட்டேன். நம்மைச் சுற்றியிருப்பது கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். நனைந்த காட்டில் அந்தப் பல்லி அநேகமாகச் செத்துப்போகும். சாகாமல் பிழைத்தால் அதைவிடக் கேடு. வீட்டுத் தொட்டிக்கு வாங்கிய அமெரிக்கச் செங்காது ஆமைகள் பெரிதானதும் கேரளத்தில் குளங்களில் விட்டார்கள். பிறகு பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் அவற்றைத் திரும்பச் சேகரிக்க வேண்டியதாயிற்று.

சட்டத்தையும் மறக்கக்கூடாது. 2022 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் குரங்கு, பாம்புகள், ஆமைகள் பிடிபட்டன. அவற்றைத் திருப்பி அனுப்பினார்கள். பெட்டிக்குள் மூச்சுமுட்டி வரும் உயிர்தான் கடையில் ‘அழகான செல்லம்’ ஆகிறது. திருத்திய வனவிலங்குச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சர்வதேசப் பட்டியலிலுள்ள பச்சை இக்குவானா, பால் பைத்தான் போன்றவற்றை வைத்திருப்போர் 2024-இல் வந்த விதிகளின்படி பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பொரித்தாலும் சொல்ல வேண்டும். நாடே குஞ்சுகளை எண்ணச் சொல்லும்போது நாம் எண்ணாமல் வாங்கலாமா?

“கோழி வளர்க்கலாம், இது மட்டும் கூடாதா?”

நியாயமான கேள்விதான். கோழி நம் மழையையும் வெயிலையும் தாங்கும். அதன் நோய் நம் பாட்டிக்குத் தெரியும், மாட்டாஸ்பத்திரியிலும் மருந்து கிடைக்கும். குஞ்சு கூடினால் பக்கத்து வீட்டு அக்காவே கேட்டு வாங்கிப் போவார். தாடிப் பல்லிக்கு இவற்றில் ஒன்றாவது இருக்கிறதா? வளர்ப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. இடமும் அறிவும் மருத்துவரும் இல்லாமல் பெருக்குவதுதான் பாவம் என்கிறேன்.

ஆகவே என் வேண்டுகோள் இவ்வளவுதான்:

1. ஜோடி வாங்க வேண்டாம். கடைசிக் குஞ்சுக்கும் வீடு தயார் என்றால்தான் முதல் முட்டையை அடைவைக்க வேண்டும்.

2. உறவினர் யாராவது ஏற்கெனவே வளர்த்தால், ஒன்றைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். முட்டையிட்டால் அன்றைக்கே ஃப்ரீசரில் வைத்துவிடச் சொல்லுங்கள். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், பல்லிகளிடம் சால்மோனெல்லா கிருமி இருக்கும். சின்னக் குழந்தைகளைத் தொட விடக்கூடாது.

3. எந்த வளர்ப்பு உயிரையும் அணையிலோ காட்டிலோ விடக்கூடாது.

4. உண்டியல் பணத்தில் நம் உயிரியல் மன்றத்துக்கு ஒரு பைனாகுலர் வாங்குவோம். தாடிக்காரரின் சொந்தக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள் என்று சொன்னேன் அல்லவா? வேலியில் ஓந்தான் இருக்கிறது. தோட்டத்து மரங்களில் விலாத்தோலை விரித்து மரத்துக்கு மரம் பாயும் பறக்கும் பல்லி இருக்கிறது. அதுவும் அதே குடும்பம். இவற்றுக்கு விளக்கும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். கல்லெறியாமல், புல்லில் சுருக்குப் போட்டுப் பிடிக்காமல் இருந்தாலே போதும். எந்த மாதம் நிறம் மாறுகிறது, எப்போது மண் தோண்டி முட்டையிடுகிறது என்று ஒரு நோட்டில் எழுதி இந்தச் சுவரிலேயே ஒட்டுவோம்.

விலை கொடுத்து வாங்குவது ஒரு நாள் வேலை. பொறுப்பு பத்து வருஷ வேலை. சிந்திப்போம் நண்பர்களே!

— 11-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி