வீட்டுல நிக்கான்

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் குழித்துறையிலும் மார்த்தாண்டத்திலும் எந்தச் சாயாக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரு கல்வி ஆலோசகர் கிடைப்பார். கட்-ஆப் எவ்வளவு வரும், ஜி.என்.எம். நல்லதா பி.எஸ்சி. நர்சிங் நல்லதா, வளைகுடாவுக்குப் போக எந்தத் தேர்வு எழுத வேண்டும், எந்த பேங்க்கில் கல்விக்கடன் சீக்கிரம் கிடைக்கும் என்று எல்லாவற்றுக்கும் நம்மிடம் பதில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் நின்ற மாவட்டம் நம்முடையது. மேடை கிடைத்தால் அந்தக் கணக்கைச் சொல்லாமல் நாம் இறங்குவதில்லை.

இவ்வளவும் தெரிந்த நம்மிடம் ஒரு தாய் வந்து, "இவன இனி எங்க கொண்டு சேக்கியது அண்ணா?" என்று கேட்கும்போது நமக்கு வாய் அடைத்துப்போகிறது. மகனுக்கு டவுன் சிண்ட்ரோமாக இருக்கலாம், ஆட்டிசமாக இருக்கலாம், மூளை முடக்குவாதமாக இருக்கலாம். எழுத்துகள் கூட்டிப் படிக்கவே வராத பிள்ளையாகவும் இருக்கலாம். பதினாறு வயது ஆகிவிட்டது, மீசை அரும்பிவிட்டது. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு நாம் சொல்வது ஒன்றுதான்: "பாவம், வீட்டுல நிக்கட்டும்."

அன்பாகத்தான் சொல்கிறோம். அதனால்தான் இதைக் குற்றம் என்று ஒப்புக்கொள்ள நமக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது. நாம் யாரும் அந்தப் பிள்ளைகளை அடித்துத் துரத்தவில்லை. கல்யாண வீட்டில் கூப்பிட்டுச் சாப்பிட வைத்தோம், கிறிஸ்துமஸுக்கும் ஓணத்துக்கும் புதுத்துணி எடுத்துக் கொடுத்தோம். ஆனால் பதினாறு வயதோடு அவர்களுடைய வளர்ச்சி முடிந்துவிட்டது என்று நாமாகவே தீர்மானித்துவிட்டோம். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறவர்கள் "மோன் இப்ப என்ன செய்யான்?" என்று கேட்டால், அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு "வீட்டுல நிக்கான்" என்கிறார். கேட்டவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அந்தத் தலையாட்டலில் நாம் எல்லோரும் இருக்கிறோம்.

எட்டாம் வகுப்பு வரை பிரச்சினை வெளியே தெரிவதில்லை. அதுவரை யாரையும் பெயிலாக்குவதில்லை. யூனிபார்ம் உண்டு, மதியச் சாப்பாடு உண்டு, கடைசி பெஞ்சில் இரண்டு கூட்டுக்காரர்கள் உண்டு. ஒன்பதாம் வகுப்பில்தான் முகங்கள் மாறுகின்றன. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கியவர்கள் நாம். அந்த நூறில் சேராமல் போனவர்கள் எங்கே என்று கேட்டவர்கள் நம்மில் இல்லை. "இவன பிரைவேட்டா எழுத வச்சிரலாமே" என்று அந்த அம்மாவிடம் தன்மையாகச் சொல்லப்பட்டபோது பக்கத்து நாற்காலியில் இருந்தவர்களும் நாம்தான். நம் பிள்ளையின் பள்ளி வாசலில் பெரிய பேனர் கட்டப்பட்டது. நமக்கு அது போதுமானதாக இருந்தது.

இத்தனைக்கும் பொதுத்தேர்வில் இந்தப் பிள்ளைகளுக்குச் சலுகைகள் உண்டு. சொல்வதை எழுத ஒரு ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு என்று குறைபாட்டைப் பொறுத்துக் கேட்டு வாங்கலாம். அதற்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் என்றதும் வீட்டுக்குள் ஒரு பயம் எழும்பும். "சர்டிபிகேட் எடுத்தா நாளைக்கு இவனுக்க அக்காளுக்கு எப்பிடி மாப்பிள்ள வரும்?" பல வீடுகளில் அடுப்பங்கரையில் வைத்து, தாழ்ந்த குரலில் கேட்கப்படும் கேள்வி இது. அந்தப் பெற்றோரைக் குறைசொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அவர்கள் பயந்தது யாருக்கு? பெண் கேட்டு வரும் நமக்குத்தான். "குடும்பத்துல யாருக்காவது சுகமில்லியா?" என்று தரகரிடம் ரகசியமாக விசாரிக்கச் சொன்னவர்கள் நாம்தானே. நம் விசாரணைக்குப் பயந்து ஒரு பிள்ளையின் சான்றிதழ் எடுக்கப்படாமலே போனது. சான்றிதழ் இல்லாததால் சலுகை இல்லை, சலுகை இல்லாததால் பத்தாம் வகுப்பு இல்லை.

கதவே இல்லாத சுவரின் முன் நிற்கிறோம் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அது உண்மையில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரை இலவசக் கல்வி உரிமையைத் தந்திருக்கிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அரசுக் கல்லூரிகளும் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் ஐந்து சதவீத இடம் ஒதுக்க வேண்டும், வயது வரம்பில் ஐந்து வருடம் தளர்த்த வேண்டும். உதவி பெறும் கல்லூரிகள் நம் கூப்பிடு தூரத்திலேயே இருக்கின்றன. அங்கே போய் அந்த ஐந்து சதவீதம் என்ன ஆயிற்று என்று நாம் விசாரித்ததுண்டா? நமக்கு வேண்டிய சீட்டுக்கு மட்டும் எத்தனை பேரைப் பிடித்தோம்!

தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் சேரப் பதினான்கு வயது நிறைந்தால் போதும், மேல்வயது வரம்பு கிடையாது. எல்லாப் பாடத்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. இந்த முறை ஒன்று, அடுத்த முறை இன்னொன்று என்று ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்புகளில் எழுதி முடிக்கலாம். பாடங்களோடு ஒரு தொழிற்பாடமும் எடுக்கலாம். மெல்லப் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடைப்பது கடினம். வெளிநாட்டுத் தேர்வின் பாடத்திட்டத்தை வரிவரியாகச் சொல்லும் நம் ஊரில் இதைப் பற்றி அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேச ஒருவர் இல்லாமல் போனோம்.

எங்கள் தெருவில் ஒரு பையன். பதினேழு வயது. பேச்சு தெளிவாக வராது, கணக்கு சுத்தமாக வராது. பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் காலையிலேயே போய் நிற்பான். வெட்டி எடுத்து வந்த பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, ஆசிட் கலந்து டிஷ்ஷில் ஊற்றுவார்கள். பால் உறைந்துவிட்டதா என்று அவன் விரல் நுனியால் மெல்ல அமுக்கிப் பார்ப்பான். ஆயிற்று என்றால் தலையை ஒருமுறை ஆட்டுவான், ஆகவில்லை என்றால் கையை எடுத்துவிடுவான். அவன் தலையாட்டாமல் அங்கே யாரும் டிஷ்ஷைக் கவிழ்ப்பதில்லை. உறைந்ததை எடுத்து ரோலரில் கொடுத்து, கனம் குறையக் குறைய மறுபடி மறுபடி கொடுத்து, கடைசியில் வரி விழும் ரோலரில் ஓட்டி, ஓரம் சுருங்காமல் கொடியில் விரிப்பான். பள்ளியில் பத்து வருடம் இருந்தான். இந்தக் கை இவனிடம் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்ட நாம் என்ன செய்தோம்? சாயாவும் கடியும் வாங்கிக் கொடுத்தோம். "பாவம், அவனுக்கும் ஒரு பொழுதுபோக்கு" என்றோம். அவனோடு நின்று அதே வேலை செய்கிறவருக்கு சனிக்கிழமை கூலி உண்டு. அவனுக்குக் கூலி கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை. வேலை தெரிந்தவனை வேலைக்காரனாகக்கூட நாம் எண்ணவில்லை.

கைத்தொழில் சொல்லிக்கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1920-களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற ஒய்.எம்.சி.ஏ. ஊழியர் மார்த்தாண்டத்தில் கிராம மேம்பாட்டு மையம் தொடங்கி, தேனீ வளர்ப்பும் கோழி வளர்ப்பும் செய்துகாட்டியே கற்பித்தார். மார்த்தாண்டம் தேன் என்று இன்று நாம் பெருமையாகப் பரிசு கொடுக்கும் பாட்டிலுக்குப் பின்னால் அந்தப் பாடம் இருக்கிறது. பெட்டி அடிப்பது, சட்டம் பூட்டுவது, தேனை வடித்து நிரப்புவது, லேபிள் ஒட்டுவது என்று ஒரே வேலைக்குள் எத்தனை சின்ன வேலைகள்! அதில் ஒன்றையாவது பொறுமையாகக் கற்றுக்கொண்டு தன் வேலை என்று செய்ய நம் பிள்ளைகளால் முடியாதா? முடியுமா முடியாதா என்று பார்க்கக்கூட நாம் இடம் கொடுக்கவில்லை.

சாரல் காலத்தில் வேன் பிடித்துக் குற்றாலத்துக்குப் போகிறோம். தென்காசிக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடி. 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர், தன் சொந்த ஊரான அங்கே 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்குச் சிகிச்சை தந்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். பள்ளி, சிகிச்சை, தொழிற்பயிற்சி என்று அது வளர்ந்தது. 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. படுக்கையில் இருந்த ஒருவர் ஒரு கிராமத்தில் தொடங்கியது இது. அருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் அரை மணி நேரம் அங்கே இறங்கிப் பார்க்க நமக்குத் தோன்றியதில்லை. வண்டியில் நம்மோடு அந்தப் பிள்ளையும்கூட இருந்திருக்கலாம்.

இங்கிலாந்தில் 2014-ல் வந்த சட்டத்தின்படி இத்தகைய பிள்ளைகளுக்கான கல்வித் திட்டம் தேவைப்பட்டால் இருபத்தைந்து வயது வரை நீளும். அமெரிக்காவில் பள்ளிக்குப் பிறகு என்ன என்பதைப் பதினாறு வயதுக்குள் பிள்ளையையும் கூட்டத்தில் உட்கார வைத்து எழுதியாக வேண்டும். அவர்கள் பணக்கார நாடு என்று சொல்லிவிடலாம். நம் நாட்டில் 1972-ல், மூளை முடக்குவாதம் உள்ள தன் மகளுக்குப் பள்ளி இல்லை என்று மிது அலூர் பம்பாயில் ஒரு சிறிய பள்ளியைத் தொடங்கினார். அந்த மகள் மாலினி சிப் பின்னாளில் லண்டனில் முதுகலை படித்தார், தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அந்தத் தாய் யார் வருவார் என்று காத்திருக்கவில்லை. நாம் காத்திருந்தோம்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் மோசம். வெளியே அனுப்பப் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் துணைக்கு ஒரு ஆளாக, பஸ் ஸ்டாண்டில் கவனித்துக்கொள்ளும் கண்ணாக நாம் இருந்திருந்தால் பாதிப் பயம் குறைந்திருக்கும். பெற்றோரின் இன்னொரு பயம் இரவில் வருவது: "எனக்குப் பிறகு யாரு?" அதற்கு நாம் "ஆண்டவன் பாத்துக்குவான்" என்று சொல்லி எழுந்துவிடுகிறோம். பதினெட்டு வயது ஆனதும் பெற்றோரேகூட சட்டப்படி தானாகவே பாதுகாவலர் ஆகிவிட மாட்டார்கள். அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கு 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் இருக்கும் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமிக்கலாம். இதையாவது சொல்லியிருக்கலாம். மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை வருகிறதே என்பதோடு நம் அக்கறை நின்றுவிட்டது.

இப்போதும் தாமதம் இல்லை என்றே நம்புகிறேன். நம் சர்ச் ஹால்களும் சமுதாயக் கூடங்களும் வாரநாட்களில் பூட்டித்தான் கிடக்கின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வாரத்தில் நான்கு காலைப்பொழுது, ஐந்தாறு பிள்ளைகள், காசு எண்ணவும் பஸ் போர்டு வாசிக்கவும் தன் பெயரைக் கையெழுத்திடவும் சொல்லித்தர ஒருவர் என்று தொடங்கலாம். கடை வைத்திருக்கிறவர்கள் ஒரு பிள்ளைக்கு ஒரு வேலையைக் கற்றுக்கொடுத்து, வேலைக்குக் கூலியும் கொடுக்கலாம்.

ஷீட் அடிக்கும் அந்தப் பையனுக்கு வருகிற ஆடியில் பதினெட்டு நிறைகிறது. அவனுக்கு இன்னும் சான்றிதழ் எடுக்கவில்லை. அவனுடைய அம்மாவோடு நாகர்கோவிலில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக எங்கள் தெருவில் மூன்று பேர் பேசி வைத்திருக்கிறோம். அங்கே கேட்க வேண்டியதை அந்த அம்மாவே ஒரு தாளில் எழுதச் சொல்லியிருக்கிறார்: சான்றிதழுக்கு எந்த நாள் மருத்துவர் வருவார், திறந்தநிலைப் பள்ளிக்கு எங்கே பதிவது, பாதுகாவலர் விண்ணப்பத்துக்கு என்னென்ன தாள் வேண்டும். தோட்டக்காரரிடம் கூலியைப் பற்றிப் பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.