ஏட்டுக்கு ஒரு சீட்டு



நம் லிங்கராஜபுரத்து இல்லங்களிலிருந்து கணிப்பொறித் தொழிலுக்குச் செல்லும் இளைஞர் இன்று பலர். அவர்தம் அலுவலக விதிகளும் குறிப்புகளும் காகிதக் கோப்பில் இருப்பதில்லை. குழுவினர் யாவரும் எழுதவும் திருத்தவும் கூடிய 'விக்கி' என்னும் பொது ஏட்டில் உள்ளன. அமெரிக்கரான வார்ட் கன்னிங்காம் 1995இல் தோற்றுவித்தது இது. ஹவாய்த் தீவினர் மொழியில் 'விக்கி' என்பதற்கு விரைவு என்று பொருளாம்.

எழுதுவதில் விரைவு உண்டு. தேடுவதிலோ அஃது இல்லை. பக்கங்களில் ஒட்டப்பெறும் குறிச்சொற்கள் ஆளுக்கொரு விதமாய் இருப்பதே காரணம். ஒருவர் 'மகப்பேறு விடுப்பு' என்பார். மற்றொருவர் 'பிரசவ லீவு' என்பார். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், முதலிரு குழந்தைகட்கு அவ்விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திற்று. புதிய விதி ஒரு சொல்லின் கீழும் பழையது மறு சொல்லின் கீழும் கிடக்குமாயின், புதிதாய்ச் சேர்ந்த நங்கை ஒருத்தி பழையதைக் கண்டு, 12 வாரமே தனக்குரியதென எண்ணி விண்ணப்பிக்கக் கூடுமன்றோ?

கான்ஃபுளூயன்ஸ் என்னும் மென்பொருளில் குறிச்சொல்லின் நடுவே இடைவெளி விட இயலாது. ஒருவர் சிறுகோடு இட்டும் மற்றவர் சேர்த்தும் எழுத, அங்கும் ஒன்று இரண்டாகிறது. இக்குறை தீர்க்கத் துணைக்கருவி செய்ய விழைவோர், விக்கிப்பீடியாவில் மாக்னஸ் மான்ஸ்கே தொடங்கிவைத்த 'ஹாட்கேட்' என்பதை முதலில் நோக்குக. தமிழ் விக்கிப்பீடியாவினர் அதனை 'விரைவுப்பகுப்பி' என வழங்குவர். சில எழுத்துகளை அடித்தவுடன், ஏற்கெனவே வழக்கிலுள்ள பகுப்புகளை அது வரிசையாகக் காட்டும். புதிதாய் ஒன்றைப் புனையும் ஆசை பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும்!

அது மட்டும் போதாது. சீர்காழியிற் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒற்றைப் பெயருள் அடைப்பதன்று. பொருள் எது, செயல் எது, இடம் எது, காலம் எது எனக் கூறுகளாய்ப் பிரித்துக் குறிப்பது. 1962இல் நம் பெங்களூரிலேயே ஆவணப் பயிற்சி மையத்தை நிறுவியவரும் அவரே. விடுப்புப் பக்கத்தில் 'காலம்' என்றொரு தனிக்கூறு இருந்திருப்பின் 12 எது, 26 எது என்பது சட்டென விளங்கும். இவ்வளவு அருகில் இருக்கும் அறிவை விட்டு நம் பிள்ளைகள் எங்கெங்கோ தேடுவானேன்?

ரயில்வே எழுத்தனாகிய யான் இன்னொன்றும் கூறுவேன். மதராஸ் சென்ட்ரல் 1996இல் சென்னை சென்ட்ரல் ஆயிற்று, 2019இல் எம்.ஜி.ஆர். பெயரும் பெற்றது. எனினும் அதன் நிலையக் குறியீடு இன்றும் 'எம்.ஏ.எஸ்.' தான். அவ்வண்ணமே ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் மாறாத உட்குறி ஒன்று வேண்டும். மேலே தெரியும் பெயர் மாறினாலும் பக்கங்கள் சிதறா.

பழைய சொல்லையும் அடியோடு அழித்தலாகாது. 'பிரசவ லீவு' என்று அடிப்பவள் நேரே 26 வாரப் பக்கத்தில் சென்று இறங்க வேண்டும்.